வண்டிக்கு ஒரு நீலச் சீலை

காலை பதினொன்றே கால் மணிக்கு அது தொடங்கியது. அந்த நேரத்தில் நான் பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்புக்குப் பின்னக் கணக்கு நடத்திக்கொண்டிருந்தேன். வீட்டில் என் கணவரின் அக்கா, நான் அண்ணி என்று கூப்பிடுகிறவர், மட்டும் இருந்தார். கூடத்துச் சுவர்க் கடிகாரம் கால் மணிக்கு ஒரு தட்டுத் தட்டி ஓயவும், வாசலில் சைக்கிள் மணி கேட்கவும் சரியாக இருந்தது என்று பிறகு சொன்னார். எத்தனை முறை கேட்டாலும் அதை அவர் மாற்றிச் சொன்னதில்லை.

வந்தவர் குஷன் கடை பாய். வண்டி இருக்கைகளுக்கு ரெக்சின் தைப்பவர். தலத்தெரு போகும் சாலையில் அவர் கடை. வாசலில் நின்றபடியே கேட்டிருக்கிறார்:

“அக்கா, வண்டிக்கு நீலச் சீலை எடுத்து வச்சிருக்கேன், வீட்டுல வாங்கிக்கன்னு முசே சொன்னாங்க.”

முசே என்றது என் கணவரை. அண்ணி உள்ளே போய் எடுத்துவந்து கொடுத்துவிட்டார். அந்த வீட்டில் நீலத்தில் ஒரே ஒரு சேலைதான் இருந்தது. அது என் மகளுடையது.

அந்த வண்டியைப் பற்றிச் சொல்லாவிட்டால் மற்றது விளங்காது. முன்புறம் மூன்று பேர் நெருக்கி உட்காரும் ஒரே நீள இருக்கை, பின்புறம் திறந்த தொட்டி. பிரெஞ்சுக்காரர்கள் ஊரைவிட்டுப் போன காலத்தில் அவர்களில் ஒரு வியாபாரி விற்றுவிட்டுக் கப்பலேறியது, இரண்டு கை மாறி எங்களிடம் வந்தது. என் கணவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் வண்டிகளைப் பழுது பார்க்கும் பிரிவில் இருந்துவிட்டு, பென்ஷனோடு ஊர் திரும்பியவர். அப்படித் திரும்பியவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்பார்கள். அதனால் தெருவுக்கு அது சொல்தா வண்டி. அவருக்கு மட்டும் பிரெஞ்சில் கமியோனெத்.

வண்டியின் உறுப்பு எதற்கும் அவருக்குத் தமிழில் பெயர் தெரியாது, ஆங்கிலத்திலும் தெரியாது. எந்த மொழியில் கற்றாரோ அந்த மொழியில்தான் சொல்ல வரும். ஸ்டீயரிங் அவருக்கு வொலான். முன் மூடி கப்போ. கூரைத் தகரத்துக்கு அடியில், உட்காருகிறவர்களின் தலைக்கு மேலே இழுத்துக் கட்டியிருக்கும் துணி சியெல். சியெல் என்றால் வானம் என்று கல்யாணமான புதிதில் எனக்குச் சொன்னார். நான் சிரித்தேன். “ஏன் சிரிக்கிற? தலைக்கு மேல இருக்கறதுக்கு வேற என்னன்னு பேரு வைக்கச் சொல்ற?” என்றார்.

அந்தத் துணி முதலில் சாம்பல் நிறத்தில் இருந்திருக்க வேண்டும். கடல் காற்றும் அவருடைய சிகரெட்டுப் புகையும் சேர்ந்து அதைத் தேயிலைச் சக்கை நிறத்துக்குக் கொண்டுவந்திருந்தன. குறுக்கே போகும் மெல்லிய கம்பிகளில் அது தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு கம்பி கழன்று, நடுவில் துணி வயிறு போலச் சரிந்து, ஓட்டுகிறவரின் தலைமுடியைத் தொடும். மேடு பள்ளத்தில் ஏறி இறங்கினால் பஞ்சுத் தூள் கண்ணில் விழும். அவர் ஒரு கையால் துணியைத் தாங்கிக்கொண்டு மறு கையால் ஓட்டுவார். அதைப் பார்த்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து வருவது எனக்குப் பெரிய தண்டனை. எதற்கும் பயப்படுகிற சுபாவம் எனக்கு. “ரெண்டு கையாலயும் ஓட்டுங்க” என்பேன். “அப்ப சியெல நீ பிடி” என்பார். நான் பிடித்துக்கொண்டு வருவேன்.

ஆனாலும் அதை மாற்ற வேண்டாம் என்று வருடக்கணக்காகத் தடுத்துவந்தவள் நான்தான்.

காரணம் ஒரு கறை. இருக்கையின் நடுவில், எங்கள் இருவருக்கும் இடையில், மேல் துணியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு எண்ணெய்க் கறை இருந்தது. மகள் சிறு குழந்தையாக இருந்தபோது உட்கார்ந்து வர மாட்டாள். இருக்கையின் மேல் ஏறி நின்றுகொண்டு, ஒரு கையால் அப்பாவின் சட்டைக் காலரையும் இன்னொரு கையால் என் கொண்டையையும் பிடித்துக்கொண்டு வருவாள். உச்சந்தலை மேல் துணியில் இடிக்கும். நான் தலைநிறையத் தேங்காய் எண்ணெய் வைத்துப் பின்னிவிட்டிருப்பேன். குரும்பகரத்தில் எங்கள் பங்கு நிலத்திலிருந்து நெல் மூட்டை ஏற்றிவரப் போகும்போது, மழை நாளில் பள்ளிக்கூடம் போகும்போது, ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கடற்கரைக்குப் போகும்போது, அப்படி நின்று நின்று அவளுடைய தலை தன் அடையாளத்தை அங்கே வைத்துவிட்டது. பிறகு அவள் வளர்ந்துவிட்டாள். அடக்கமாக உட்கார்ந்து வரக் கற்றுக்கொண்டாள். கறை மட்டும் அப்படியே நின்றது.

எழுபதுகளின் கடைசியில் அவளுக்குக் கல்யாணம் ஆயிற்று. மாப்பிள்ளையும் எங்களைப் போலவே பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பம், பாரிசுக்குப் பக்கத்தில் வேலை. அவளை மாயவரம் ரயில் நிலையத்துக்கு அந்த வண்டியில்தான் கொண்டுபோய் விட்டோம். திரும்பி வரும்போது அவர் ஓட்ட, பக்கத்தில் நான் தனியாக உட்கார்ந்திருந்தேன். ஆக்கூர் தாண்டியபோது கையை உயர்த்தி அந்தக் கறையைத் தொட்டேன். அவர் பார்த்தார். அதன் பிறகு ஒவ்வொரு முறை வண்டியில் ஏறும்போதும் தொட்டேன். கோயிலுக்குள் நுழையும்போது தீர்த்தத்தைத் தொட்டுச் சிலுவை போடுவோமே, கிட்டத்தட்ட அப்படி.

போவதற்கு முந்தின நாள் வரை அவள் கட்டியிருந்தது அந்த நீலச் சேலை. வெளுத்த நீலத்தில் சின்னச் சின்ன வெள்ளைப் புள்ளி, விரல் அகலத்தில் வெள்ளைக் கரை. சாதாரணக் கைத்தறி. பியூசி பாஸ் செய்தபோது நான் எடுத்துக்கொடுத்தது. பெட்டியில் இடமிருந்தும் அவள் அதைக் கொண்டுபோகவில்லை. துவைத்து மடித்து என் கையில் கொடுத்தாள். “அங்க குளுர்ல இத எங்கம்மா கட்டப் போறேன். இங்கயே இருக்கட்டும். வரும்போது வந்து எறங்குனதும் இதத்தான் கட்டுவேன். யாருக்கும் எடுத்துக் குடுத்துடாதீங்க” என்றாள். எங்கள் பக்கத்தில் யாரும் சேலை என்று பேச மாட்டோம். எழுத்தில் சேலை, வாயில் சீலை. அவள் சொன்னதும் சீலைதான்: “என் சீலைய பாத்துக்குங்க.”

ஏழு வருடம் பார்த்துக்கொண்டேன். சனிக்கிழமைதோறும் பீரோவிலிருந்து எடுத்து, மடிப்பு மாற்றி, நிழலில் ஆற்றி, திரும்ப வைப்பேன். முதலில் சில மாதங்கள் அதில் அவள் பவுடர் வாசனை இருந்தது. பிறகு நான் பவுடரை முகர்ந்தேனா நினைப்பை முகர்ந்தேனா என்று தெரியவில்லை.

கடிதம் எழுத அவளுக்கு நேரமில்லை. கேசட்டில் பேசி, ஊருக்கு வருகிறவர்களிடம் கொடுத்துவிடுவாள். அந்த வருடம் பொங்கலுக்குப் பிறகு வந்த கேசட்டில் கோடை விடுமுறைக்கு மூன்று பேரும் வருவதாகச் சொல்லியிருந்தாள். பின்னால் குழந்தையின் குரல். நாங்கள் பார்த்தேயிராத பேத்தி, நாலு வயது, பிரெஞ்சும் தமிழும் கலந்து என்னவோ உளறிக்கொண்டிருந்தாள். “கேக்குதாம்மா? இவ பேசறது அவங்க டீச்சருக்கும் புரியல, எனக்கும் புரியல” என்று மகள் சிரித்தாள். அப்புறம் குரலைத் தாழ்த்தி, “அந்த நீலச் சீலை இருக்குல்ல? இவகிட்ட அதப் பத்திச் சொல்லிவச்சிருக்கேன். வானம் மாதிரி இருக்கும், அம்மாச்சி வச்சிருக்காங்கன்னு. தெனம் கேக்குறா” என்றாள். அந்த இடத்தைத் திரும்பத் திரும்பச் சுற்றிவிட்டுக் கேட்டேன். அண்ணி சலித்துக்கொண்டார். “டேப்பு அந்துடப் போவுது டீச்சரே. மிச்சத்தையும் கேக்க விடு.”

வருகிற நாள் நெருங்கியபோது என் கணவர் வண்டியைத் தயார் செய்யத் தொடங்கினார். மாயவரத்திலிருந்து பஸ்ஸில் வரட்டுமே, டாக்ஸி வைத்துக்கொள்ளலாமே என்று நான் சொன்னது எதுவும் எடுபடவில்லை. அவளைக் கொண்டுபோன வண்டியிலேயே கொண்டுவர வேண்டும். பிரேக் பார்த்தார். டயர் மாற்றினார். கடைசியில் மேல் துணியைக் கழற்றக் கை வைத்தார்.

“அது கெடக்கட்டுங்க” என்றேன்.

“எது? இதா? எலி குட்டி போட்டிருக்கு, வந்து பாரு. கொழந்த மண்டையில விழணுமா?”

“துணியத் தச்சுக் கட்டுனா போதாதா? அந்தக் கறை இருக்கற எடத்த மட்டுமாவது...”

அவர் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தார். “கறைய வச்சுக்கிட்டு என்ன பண்ணப் போற? கறைக்குச் சொந்தக்காரியே வர்றா” என்றார்.

உண்மைதானே. ஆளே வருகிறபோது அடையாளம் எதற்கு? அன்று சாயங்காலம் ஏறி உட்கார்ந்து ஒரு முறை தொட்டுவிட்டு இறங்கினேன். மறுநாள் வண்டி குஷன் கடைக்குப் போனது.

கடையில் நடந்தது இது. பழைய துணி நரைத்துப் போயிருக்கிறது, புதிதாக என்ன நிறத்தில் போடலாம் என்று பாய் கேட்டார். குஷன் கடைகளில் வழக்கமாகப் போடுவது பழுப்பு ரெக்சின். என் கணவருக்கு வானம் என்றால் நீலமாக இருக்க வேண்டும். நாகப்பட்டினத்தில் ஒரு கடையில் கெட்டியான நீலத்துணி பார்த்து முன்பே வாங்கி, வீட்டில் பீரோவுக்கு அடியில் வைத்திருந்தார். அவசரமாகப் பென்ஷன் விஷயமாக ஆபீசுக்குப் போக வேண்டியிருந்தது. “சியெல் நீலமா இருக்கணும். வீட்டுல எடுத்து வச்சிருக்கேன், எங்க அக்காகிட்ட கேட்டு வாங்கிக்க” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். பாய் தைக்கிற மெஷின் சத்தத்துக்கு நடுவே கேட்டார். அவர் காதில் விழுந்தது சீலை.

அதற்கடுத்த நாள் சாயங்காலம் வாசலில் ஹார்ன் விடாமல் அடித்தது. நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தேன்.

“ஏறிப் பாரு, ஏறிப் பாரு! பாய் கலக்கிட்டாரு!” என்று கதவைத் திறந்துவிட்டார் என் கணவர். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவர் முகம் அப்படிப் பளபளத்து நான் பார்த்ததில்லை.

ஏறினேன். மேலே பார்த்தேன். சுருக்கமில்லாமல், முரசுத் தோல் போல இழுத்துக் கட்டிய நீலம். அதில் சின்னச் சின்ன வெள்ளைப் புள்ளி. முன் கண்ணாடிக்கு மேலே, ஓரத்தை மறைக்க, விரல் அகல வெள்ளைக் கரை வளைந்து ஓடியது. அழகாகத்தான் இருந்தது. அதுதான் தாங்க முடியவில்லை.

“இது என்னங்க?”

“சியெல்.”

“என்ன துணின்னு கேக்குறேன்.”

“நான் வாங்குன நீலத்துணிதான். புள்ளி இருந்தத அன்னிக்குக் கவனிக்கல.”

“நீங்க வாங்குனது பீரோவுக்கு அடியில அப்படியே கெடக்கு. காலையில கூட்டும்போது பாத்தேன்.”

அவர் மேலே பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி மேலே பார்த்தார். தன் மகள் வருடக்கணக்கில் கட்டிக்கொண்டு எதிரில் நடமாடிய சேலை அவருக்கு அப்போதும் பிடிபடவில்லை.

“உங்க பொண்ணு சீலைங்க” என்றேன்.

அண்ணி வாசலுக்கு வந்துவிட்டார். “மாதாவுக்குத்தானே? சாத்தியாச்சா?” என்றார்.

“எந்த மாதாவுக்கு?” என்றார் என் கணவர்.

“வேளாங்கண்ணிக்கு! நீலச் சீலை மாதாவுக்கு இல்லாம வேற யாருக்குய்யா? பொண்ணு நல்லபடியா வந்து சேரணும்னு நேர்ந்துக்கிட்டீங்க போலன்னு நெனச்சேன். வண்டிக்கு எதுக்கு சீலைன்னு அவன கேட்டேன். மேல போடத்தான்னான். சரி, வண்டி மேல போர்த்தி எடுத்துக்கிட்டுப் போயி மாதாவுக்குச் சாத்தப் போறாங்கன்னு குடுத்துட்டேன். புருசனும் பொண்டாட்டியும் எனக்கு எதத்தான் வாயத் தொறந்து சொல்றீங்க?”

“அக்கா, நான் சியெல்னு சொல்லி அனுப்புனேன்!”

“சீலைன்னுதான் அவனும் கேட்டான்.”

“அதான், சியெல்!”

“அதைத்தானே நானும் சொல்றேன், சீலை!”

எதிர்வீட்டு ஜன்னல்கள் திறந்தன. நான் வண்டிக்குள் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அழுதேனா என்று நினைவில்லை. கை மட்டும் பழக்கத்தில் உயர்ந்து நடு இடத்தைத் தொட்டது. அங்கே கறை இல்லை. பிறகுதான் உறைத்தது, கறையும் போயிற்று, சேலையும் போயிற்று.

ஆள் அனுப்பி பாயை வரவழைத்தார்கள். விஷயம் கேட்டதும் அவர் சைக்கிளைக் கீழே போட்டுவிட்டார்.

“யா அல்லா! ரெண்டு தடவ கேட்டனே முசே. ரெண்டு தடவையும் சீலைன்னீங்களே. நானும் பிரான்சுல இப்படித்தான் பொண்டாட்டி சீலைய வண்டிக்குள்ள போடுவாங்க போலன்னு நெனச்சேன்.”

“பிரான்சுல ஏதுய்யா சீலை?”

“அதத்தான் நானும் ராத்திரி படுத்து யோசிச்சேன் முசே.”

அண்ணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். என் கணவரும் சிரித்துவிடுவார் போலிருந்தது. என்னைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டார்.

பிரித்தால் சேலை மீண்டு வருமா என்று பாயிடம் கேட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். கம்பிகள் நுழைவதற்குத் துணியைக் குறுக்காக வெட்டி, வெட்டிய ஓரங்களை மடித்துக் குழல் போலத் தைக்க வேண்டும். அப்படித் தைத்திருந்தார். பிரித்தால் வருவது துண்டுகள்தான். “முந்திய மட்டும் வெட்டலம்மா. வெட்ட மனசு வரல. மிச்சம் வச்சிருக்கேன்” என்று மடித்த முந்தானைத் துண்டை நீட்டினார். பழைய மேல் துணி எங்கே என்று கேட்டேன். எலிப் புழுக்கையாக இருந்தது, கடைக்குப் பின்னால் போட்டுக் கொளுத்திவிட்டேன் என்றார். அதை ஏன் கேட்கிறேன் என்று அவருக்குப் புரியவில்லை. எப்படிப் புரியும்?

“பிரிச்சிடட்டுமா டீச்சரம்மா? முசே வாங்குன துணிய நாளைக்கே போட்டுத் தந்துடறேன்.”

“இருக்கட்டும்” என்றேன். பிரித்துப் போட்ட துண்டுகளை அவளிடம் எடுத்துக் காட்டும் தைரியம் எனக்கு இல்லை. முழுசாகத் தெரிகிற இடம் இப்போது அந்தக் கூரை ஒன்றுதான்.

அதன் பிறகு வந்த நாட்களில் நான் வேறு எதையும் நினைக்கவில்லை. ரயிலிலிருந்து இறங்கி, வண்டியில் ஏறி, அவள் தலையைத் தூக்குவாள். அந்த நொடிக்கு என்ன சொல்வது? பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் சந்தேகம் கேட்டால் பதில் சொல்லிப் பழகியவள்தான். இதற்கு ஒரு வாக்கியம் கிடைக்கவில்லை. எது கிடைத்தாலும் அது ‘நீ சொன்னதை நான் காப்பாற்றவில்லை’ என்றுதான் முடிந்தது. சின்னவளாக இருந்தால் அழுவாள், சமாதானப்படுத்தலாம். ஏழு வருடம் வெளிநாட்டில் இருந்துவிட்டு வருகிறவள் அழ மாட்டாள், பரவாயில்லைம்மா என்பாள். அந்தப் பரவாயில்லைதான் எனக்குப் பயமாக இருந்தது. இந்த வீட்டில் தனக்கென்று ஒன்றை விட்டுவைத்துவிட்டுப் போனாள். அது இல்லை என்று தெரிந்தபின் அடுத்த முறை எதற்காக வருவாள்?

விடிகாலையில் மாயவரத்துக்குக் கிளம்பினோம். முந்தானைத் துண்டைக் கைப்பையில் வைத்துக்கொண்டேன். என் கணவர் இரண்டு கையாலும் ஓட்டினார். மேலே எதுவும் தொங்கவில்லை, தூளும் உதிரவில்லை. பொறையாறு தாண்டி வெயில் ஏறியபோது பக்கவாட்டுக் கண்ணாடி வழியாக வெளிச்சம் விழுந்து கூரை முழுவதும் வெளுத்தது. புள்ளிகள் எல்லாம் மேலே எங்கோ தூரத்தில் இருப்பது போலத் தோன்றின.

“நெசமாவே வானம் மாதிரிதான் இருக்கு” என்றார் அவர், முன்னால் பார்த்தபடியே. “நான் வாங்குன துணி இப்படி இருந்திருக்காது.”

நானும் ஒரு முறை நிமிர்ந்து பார்த்தேன். கோபம் வரவில்லை.

ரயில் வந்தது. நாங்கள் நின்ற இடத்தைத் தாண்டிப் போய் அவர்கள் வந்த பெட்டி நின்றது. ஓடினோம். மாப்பிள்ளை இறங்கினார். தோளில் குழந்தை, முகம் புதைத்துக்கொண்டு. பெட்டிகளை இறக்கினார். நான் அவரைத் தாண்டி ரயில் பெட்டியின் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு கிழவர் இறங்கினார். ஒரு பெண் கூடையோடு இறங்கினாள். பிறகு யாரும் இறங்கவில்லை.

“அத்தை, பதறாதீங்க” என்றார் மாப்பிள்ளை. அந்தச் சொல்லைக் கேட்டதும்தான் நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். “அவளுக்கு ஒண்ணுமில்ல. அஞ்சாம் மாசம். கெளம்பறதுக்கு மொத நாள் டாக்டர் பாத்துட்டு, படுக்கைய விட்டு எழுந்திருக்கவே கூடாதுன்னுட்டாரு. எங்கக்கா கூட இருக்காங்க. இவள மட்டும் எப்படியாவது அம்மாகிட்ட கொண்டுபோயி விடுங்கன்னு ஒரே புடிவாதம். தந்தி குடுத்தேனே, வரலியா?”

வரவில்லை. நாங்கள் கிளம்பிப் போன பிறகு காலையில் வந்து, அண்ணி அதைப் பிரித்துப் படிக்கத் தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றிருந்தார் என்று பிறகு தெரிந்தது.

ரயில் நகர்ந்தது. கடைசிப் பெட்டி போகும்வரை அந்த வாசலைப் பார்த்தேன். இதை எழுதும்போது குழந்தை பக்கத்து அறையில் தூங்குகிறாள், அங்கே பிரசவத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது, போன வாரம் வந்த கேசட்டில் மகளின் குரல் தெம்பாகத்தான் இருந்தது. ஆனாலும் அந்த வாசல் என் கண்ணுக்குள் காலியாகவே நிற்கிறது. யாராவது தபால்காரர் என்று சொன்னால் எழுந்து வாசலுக்கு ஓடுகிறேன். இத்தனை நாளும் ஒரு சேலைக்காகவா அப்படிப் பயந்தேன் என்று அந்தப் பிளாட்பாரத்தில் நின்று நினைத்தேன். கட்டிக்கொள்ள ஆளே வராதபோது சேலை முழுசாக இருந்து என்ன, துண்டாக இருந்து என்ன? அந்த நினைப்பில் ஆறுதல் எதுவும் இல்லை. அவள் வந்து எனக்கு முன்னால் நின்று கோபித்துக்கொண்டிருந்தால் போதும் என்றிருந்தது.

மாப்பிள்ளை பெட்டிகளோடு பின் தொட்டியில் ஏறிக்கொண்டார். குழந்தையை என்னிடம் கொடுத்தார். அவள் என்னைப் பார்க்கவில்லை. சென்னையிலிருந்து அழுதுகொண்டே வந்திருக்கிறாள், யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை, தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. மடியில் வைத்தால் விறைத்துக்கொண்டாள். என் கணவர் பிரெஞ்சில் ஏதோ கேட்டார். நான் தமிழில் கொஞ்சினேன். இரண்டுக்கும் பதில் இல்லை. மூக்கு ஒழுகியது. கைப்பையில் கைவிட்டதும் கிடைத்தது முந்தானைத் துண்டுதான். அதனாலேயே துடைத்தேன். அவள் அதைப் பிடித்துக்கொண்டாள், விடவில்லை.

செம்பனார்கோயில் தாண்டினோம். அவள் துண்டைப் பார்த்தாள். புள்ளிகளை விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டாள். பிறகு என் மடியிலிருந்து நழுவி, எங்கள் இருவருக்கும் நடுவே இருக்கையின் மேல் எழுந்து நின்றாள்.

“பிடிச்சுக்க, பிடிச்சுக்க, விழுந்துடப் போறா” என்றார் அவர். நான் பிடிக்கவேயில்லை. அவளே பிடித்துக்கொண்டாள். ஒரு கையால் அவர் சட்டைக் காலரை, மறு கையால் என் கொண்டையை. எண்ணெய் காணாத செம்பட்டைத் தலை மேலே போய் நீலத்தில் முட்டியது. முட்டியதும் நிமிர்ந்து பார்த்தாள். வெகு நேரம் பார்த்தாள். அவர் காலரை விட்டுவிட்டு, கையிலிருந்த துண்டைத் தூக்கி மேலே வைத்துப் பார்த்தாள்.

பிறகு வாயைத் திறந்து ஒரு சொல் சொன்னாள்.

அவர் வண்டியை ஓரம் கட்டிவிட்டார். “கேட்டியா? சியெல்ங்கிறா! வானம்ங்கிறா!”

“இல்லைங்க. சீலைங்கிறா. அவ அம்மா சொல்லிக்குடுத்திருக்கா.”

“நாலு வருஷமா பிரெஞ்சு பேசற புள்ள. சியெல்தான்.”

“எனக்குக் காது இருக்குங்க. சீலை.”

பின்னாலிருந்து மாப்பிள்ளை தகரத்தைத் தட்டி, “என்ன மாமா, வண்டி நின்னுபோச்சா?” என்று கத்தினார். குழந்தை ஒரு முறை அவரைப் பார்த்தாள், ஒரு முறை என்னைப் பார்த்தாள். இந்தப் பெரியவர்களுக்குக் காது கேட்கவில்லை என்று நினைத்தாளோ என்னவோ, என் கொண்டையை விட்டுவிட்டு, விரலை மேலே நீட்டி, இந்த முறை சத்தமாகச் சொன்னாள்:

“சீயெலெ!”